லூர்து மேரி டீச்சர் கீழே வைத்த மோர்

எங்கள் தெருக்கோடி வீட்டு மருமகள் பவித்ரா, திருச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கேன்சர் வார்டு நர்ஸ். லீவுக்குப் பெரம்பலூர் வந்தால் மாமியார் வீட்டில் பையைப் போட்டுவிட்டு நேரே என்னிடம் வந்துவிடுவாள். இரண்டு நர்ஸுகள் சேர்ந்தால் பேச்சுக்கா பஞ்சம்? போன முறை வந்தவள் செல்போனில் ஒரு படம் காட்டினாள். ட்ரிப் ஏற்றும் கம்பியில் சின்னப் பெட்டி ஒன்று மாட்டியிருந்தது. நம்பரைத் தட்டிவிட்டால் போதுமாம். அதுவே அளவு பார்த்து மருந்தை ஏற்றிவிட்டு, முடிந்ததும் கூப்பிடுமாம். எந்த மருந்து எந்தத் தேதியில் என்பதையும் கம்ப்யூட்டரே போட்டுக் கொடுத்துவிடுகிறதாம்.

"உங்க காலத்துல இந்த ஷெட்யூல் எல்லாம் யாரு மேடம் முடிவு பண்ணுவாங்க? டாக்டரா?" என்று கேட்டாள்.

"பஸ்காரன்" என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதை அவளுக்கு விளக்கப் போய் ஒரு மத்தியானம் முழுக்க ஓடிவிட்டது. கிளம்பும்போது, "இத அப்படியே எழுதி வைங்க மேடம்" என்றாள். சும்மா இருக்கிறவளைச் சொறிந்துவிட்டுப் போய்விட்டாள். எழுதுகிறேன்.

நான் ரஞ்சன்குடிக் கோட்டை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் கூலிக்குக் களை வெட்டப் போனவர்கள். எனக்குப் படிப்பு வந்தது, ஸ்காலர்ஷிப் கிடைத்தது, திருச்சியில் நர்ஸ் ட்ரெயினிங் சேர்ந்தேன். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. கால் வலித்தது, எப்போதும் பசித்தது, பாஸ் பண்ணினேன். எழுபதுகளின் நடுவில் பெரம்பலூரில் வேலைக்குச் சேர்ந்து, சில வருஷம் கழித்து அரியலூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகிப் போனேன். வீடு பெரம்பலூரிலேயே. தினமும் பஸ். சிமெண்டு லாரிக்குப் பின்னால் புழுதி குடித்துக்கொண்டே போய், புழுதி குடித்துக்கொண்டே வருவேன்.

அங்கேதான் டாக்டர் அருணகிரியைப் பார்த்தேன். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர், சர்ஜன். மெட்ராஸில் கேன்சர் வார்டில் கொஞ்ச காலம் வேலை கற்றவர். சின்ன ஊருக்கு மாற்றல் போட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும் டாக்டர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இவர் வந்த அன்றைக்கே, "இந்த ஊர்ல எல்லாத்துக்கும் பல்லு ஏனுங்க மஞ்சளா இருக்குது?" என்று என்னிடம் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. நானும் இந்தப் பக்கத்துக்காரிதானே! அப்புறம்தான் புரிந்தது, மனுஷனுக்குக் குத்திக் காட்டத் தெரியாது. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார். அந்த வாரமே நாலு கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வரச் சொல்லி மேஜை மேல் வரிசையாக வைத்துவிட்டார்.

அவருடைய ஆயுதம் ஒரே வார்த்தை. "அப்புறங்க?"

நோயாளி எதைச் சொன்னாலும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்துக்கொண்டே, "அப்புறங்க?" என்பார். ஆயாவையும் "நீங்க" என்பார், ஆடு மேய்க்கிறவரையும் "நீங்க" என்பார். ஒரு விவசாயிக்குக் கையில் வெட்டுக்காயம், எந்த மருந்துக்கும் ஆறவில்லை. இவர் எட்டுப் பத்து "அப்புறங்க?" போட்ட பிறகு அந்த ஆள், "அப்புறம் என்னங்க, வூட்டுக்குப் போனதும் கட்டப் பிரிச்சு சாணிச் சாம்பல வெச்சுட்டு, மறுபடி நீங்க கட்டுனாப்புலயே கட்டிருவேன்" என்றார். டாக்டருக்குக் கோபமே வரவில்லை. "அதாங்க பார்த்தேன்! கட்டு நம்ம சிஸ்டர் கட்டினதைவிட நல்லா இருக்குதேன்னு" என்று சந்தோஷப்பட்டார்.

திருச்சியிலோ தஞ்சாவூரிலோ மார்பில் ஆபரேஷன் முடித்த பெண்களுக்கு, அடுத்து ஏற்ற வேண்டிய மருந்தை எங்கள் ஊரிலேயே ஏற்றலாம் என்று முதலில் துணிந்தவர் இவர்தான். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்கள் எழுதிக் கொடுப்பார்கள், வீட்டு ஆட்கள் மருந்தைத் திருச்சி கடையில் வாங்கி வருவார்கள், நாங்கள் ஏற்றுவோம். பெண்கள் வார்டின் கடைசியில் ஓர் அறை. இரண்டு கட்டில், ஒரு ஜன்னல், இரண்டு இரும்புக் கம்பி.

இப்போதுள்ள பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். கண்ணாடி பாட்டிலில் சலைன், வேக வைத்து எடுத்த ரப்பர் குழாய், பாட்டிலுக்குள் காற்றுப் போக மூடியில் இன்னொரு ஊசி. ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையைத் தொடவே கூடாது. மற்ற கையில்தான் நரம்பு தேட வேண்டும். வெந்நீர்த் துணியைச் சுற்றிக் காத்திருந்தால் நரம்பு மெல்ல எழும்பும். முதலில் வெறும் சலைனை விட்டு, ஊசி ஒழுங்காக நிற்கிறதா என்று பார்த்த பிறகே மருந்து. கசிந்தால் கை எரிந்து புண்ணாகிவிடும். ஒரு மருந்து எலுமிச்சை மஞ்சள். இன்னொன்று தண்ணீர் மாதிரி. மூன்றாவது பவுடர். அதில் தண்ணீரை விட்டால் லேசில் கரையாது. பாட்டிலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு துகள் மிதந்தாலும் டாக்டர், "இன்னும் கொஞ்சம் கைச்சூடு குடுங்க சிஸ்டர்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். அப்புறம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சொட்டு எண்ண வேண்டும். பவித்ராவின் பெட்டி செய்வதை நான் செய்தேன். என்ன, நான் முடிந்ததும் கீ கீ என்று கத்தவில்லை.

நாள் குறிப்பதுதான் பெரிய கூத்து. டாக்டர் சுவரில் ஒரு பெரிய மாதக் காலண்டரைத் தொங்கவிட்டிருந்தார். இவர் ஒரு தேதியில் பென்சிலை வைத்தால், "அய்யய்யோ, அன்னைக்கு அஷ்டமிங்க" என்பார்கள். தள்ளி வைத்தால் நவமி. திருமழபாடியிலிருந்து ஒரு அம்மா வருவார். அமாவாசைக்கு வர மாட்டேன், பிரதோஷத்துக்குக் கோயிலை விட்டு வர மாட்டேன், செவ்வாய்க்கிழமை ஊசி குத்திக்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். டாக்டர் எரிந்து விழுவார் என்று பார்த்தால், "பிரதோஷம் எத்தனை மணிக்குங்க முடியும்?" என்று ஆரம்பித்துவிட்டார். அதற்கு மேல் பஸ். கொள்ளிடக்கரையிலிருந்து வரும் பஸ் எத்தனை மணிக்கு அரியலூர் சேரும், சாயங்காலம் கடைசி பஸ் எப்போது, அதைக் கேட்காமல் ஒரு தேதியும் எழுத முடியாது. மருந்து எவ்வளவு நேரம் ஏற வேண்டும் என்பதைக்கூட அந்தக் கடைசி பஸ்தான் தீர்மானித்தது.

இப்படி இருக்கும்போதுதான் லூர்து மேரி டீச்சர் வந்தார்.

வரதராஜன்பேட்டைப் பக்கம். அங்கே ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். நாற்பதைத் தொடாத வயது, இடுப்பு வரைக்கும் பின்னல், பேச்சில் ஒரு கண்டிப்பு. என்னையே ஒரு முறை "நிமிர்ந்து நில்லுங்க சிஸ்டர், கூன் விழுந்துரும்" என்றவர். கணவர் சவரிமுத்து, முந்திரிக் காடு வைத்திருந்தவர். பொண்டாட்டியை அவரும் "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். இரண்டு பெண் குழந்தைகள், சின்னவளுக்கு ஒன்பது வயது. முழுப் பரீட்சை முடிந்த கையோடு திருச்சியில் இடது மார்பை எடுத்திருந்தார்கள்.

டாக்டர் காலண்டர் முன்னால் அவரை உட்கார வைத்து, பென்சிலை எடுத்துக்கொண்டார்.

"மூணு மருந்துங்க. ரெண்டு வழி இருக்குது. முதல் வழி, பவுடர் மருந்தை மாத்திரையா ரெண்டு வாரம் தினம் காலையில சாப்பிடோணும். மத்த ரெண்டையும் ட்ரிப்ல ஏத்துவோம், இந்தச் சனிக்கிழமை ஒரு ட்ரிப், அடுத்த சனிக்கிழமை ஒரு ட்ரிப். அப்புறம் ரெண்டு வாரம் சும்மா இருக்கலாம். மறுபடியும் ஆரம்பிக்கோணும். இப்படி ஆறு சுத்துங்க."

"ரெண்டாவது வழி சார்?"

"மூணையும் ஒரே ட்ரிப்ல ஏத்திடறது. மூணு வாரத்துக்கு ஒருக்கா. மாத்திரையே கிடையாது. ஆனா வயித்தைப் போட்டுப் புரட்டும். முடி கூடக் கொட்டும். ஒரு ராத்திரி இங்கேயே தங்கோணும்."

டீச்சர் யோசிக்கவே இல்லை. "மொத வழியே போதும் சார். சனிக்கிழமை காலையில வந்துட்டு சாயங்கால பஸ்ஸுல வூட்டுக்குப் போயிருவேன். யாருக்கும் தெரியாது."

அந்தக் கடைசி வார்த்தையில்தான் விஷயம் இருந்தது. வெயிட்டுப் பார்க்க அழைத்துப் போனபோது என்னிடம் சொன்னார். "வயித்துல கட்டின்னுதான் ஊர்ல சொல்லியிருக்கேன் சிஸ்டர். இந்த வியாதி ஒட்டிக்கும்னு நெனக்கிற ஊரு. தெரிஞ்சா ஒரு புள்ளைய என் வகுப்புல விட மாட்டாங்க." ரவிக்கைக்குள் பஞ்சு வைத்துத் தானே தைத்திருந்தார். தையல் அவ்வளவு நேர்த்தி.

மே மாதம், பள்ளிக்கூடம் லீவு. முதல் சுற்று அல்வா மாதிரி இறங்கியது. இரண்டு ட்ரிப், இரண்டு வாரம் மாத்திரை, லேசான குமட்டல், அவ்வளவுதான். ஊறுகாயை நக்கிக்கொண்டே சமாளித்துவிட்டேன் என்றார்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. இரண்டாவது சுற்றில் மாத்திரை பாதி முடிந்திருக்கும். சனிக்கிழமை ட்ரிப்புக்கு வந்தவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், ஒண்ணுக்குப் போறப்ப எரிச்சல் உசுரு போவுது. ரத்தமா வருது."

டாக்டர் உடனே மாத்திரையை நிறுத்தினார். அந்த மருந்து சிறுநீர்ப் பையைப் புண்ணாக்கும் என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் முதல் நாளே தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லியிருந்தார். "தண்ணி குடிக்கறீங்களாங்க?" என்றார்.

"குடிக்கிறேன் சார். ஒரு சொம்பு முழுசா ஒரே மூச்சுல குடிப்பேன்."

பொய் சொல்கிற மூஞ்சியே இல்லை அது. சில நாளில் ரத்தம் நின்றது. அடுத்த சுற்றில் மாத்திரையைப் பாதியாக்கிக் கொடுத்தார். மறுபடியும் ரத்தம்.

இப்போது டாக்டருக்கும் எனக்கும் மண்டை காய ஆரம்பித்தது. அதே ஆள், அதே மருந்து. மே மாதத்தில் ஒன்றுமே செய்யாதது, பாதி அளவில் ஏன் இப்படிச் செய்கிறது? எங்கள் பக்கத்துத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், பாத்திரத்தில் காய்ச்சினால் வெள்ளையாகப் படியும். கல் இருக்குமோ என்று திருச்சிக்கு எக்ஸ்ரேவுக்கு அனுப்பினார். கல் இல்லை. கிருமி இருக்கிறதா என்று பார்த்தோம், இல்லை. மாத்திரை மாறியிருக்குமோ என்று சவரிமுத்துவைப் பிடித்தார். மே மாதம் எந்தக் கடை, ஜூனில் எந்தக் கடை?

"ஒரே கடைதாங்க சார். கடைக்காரருக்கு என் மூஞ்சி மனப்பாடம்."

"அப்புறங்க?"

"அப்புறம் என்னங்க? வாங்குனேன், பஸ் ஏறுனேன், வந்துட்டேன்."

டாக்டர் அன்றைக்கு டீச்சரிடம் சொன்னார். "மாத்திரையை அடியோட நிறுத்திடலாங்க. மத்த ரெண்டை மட்டும் ஏத்தலாம். இல்லீன்னா சிறுநீர்ப் பை கெட்டுப் போயிடும்."

டீச்சர் முகம் வெளுத்துவிட்டது. "அடுப்புக்கு மூணு கல்லு வெச்சுத்தானே சார் சட்டிய ஏத்துறோம்? ஒண்ண எடுத்துட்டா நிக்குமா? திருச்சியில மூணும் வேணும்னுதானே எழுதியிருக்காங்க? எனக்கு இது திரும்பி வந்துட்டா என் சின்னவ என்ன சார் செய்வா? அவளுக்கு இன்னும் தலகூட வாரிக்கத் தெரியாது."

வகுப்பில் அதட்டுகிற குரல் அப்போது நடுங்கியது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார். அன்றைய ட்ரிப்பை மட்டும் ஏற்றுவோம், மாத்திரை விஷயத்தைச் சாயங்காலம் பேசலாம் என்று போய்விட்டார்.

நான் மஞ்சள் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தேன். வெயில் கொளுத்தியது. எங்கள் வார்டு ஆயா பட்டு, கொத்தமல்லியும் இஞ்சியும் தட்டிப் போட்டு ஒரு பெரிய டம்ளர் மோர் கொண்டு வந்து கொடுத்தாள். டீச்சர் வாங்கி, உதட்டை நனைக்கிற மாதிரி ஒரு வாய் வைத்துவிட்டு, கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டார்.

"குடிங்க டீச்சர்" என்றேன்.

"பஸ்ஸுல போவணுமே சிஸ்டர்."

"ஆமா" என்று சொல்லிவிட்டு, கால் பட்டுக் கொட்டிவிடப் போகிறதே என்று டம்ளரை எடுத்து ஜன்னலில் வைத்தேன்.

வாசலில் டாக்டர் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தாரோ தெரியாது.

"என்ன ஆமா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "என்ன சார்?"

"மோர் குடிங்கன்னீங்க. பஸ்ல போகோணும்னாங்க. நீங்க ஆமான்னுட்டீங்க. மோருக்கும் பஸ்ஸுக்கும் என்னங்க சம்பந்தம்?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் டீச்சரைப் பார்த்தேன். இதை ஓர் ஆம்பிளைக்கு எப்படிச் சொல்வது? இரண்டு பேருக்கும் வெட்கம் பிடுங்கித் தின்றது. டாக்டர் விடுகிற ஆளா? ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

"ஜெயங்கொண்டத்துல எறங்கி பஸ் மாறணும் சார்" என்றேன் நான். "வழியில அவசரம்னா பொம்பளைங்க எங்க போறது? அதனால பஸ்ஸுல போறன்னைக்கு யாரும் தண்ணி குடிக்க மாட்டோம்."

"யாருமேங்களா?"

"யாருமே சார்."

"சரிங்க. அது சனிக்கிழமை. மத்த நாள்ல குடிப்பீங்கல்ல, டீச்சர்?"

"குடிப்பேன் சார். சாயங்காலம் வூட்டுக்கு வந்ததும் மொத வேல அதான்."

"சாயங்காலங்களா? காலையில?"

"மாத்திரை முழுங்க ஒரு மடக்கு."

"அப்புறங்க?"

"அப்புறம் ஸ்கூலு சார்." டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். "ஸ்கூல்ல அதுக்கு எடம் கெடையாது. பசங்களும் சாருங்களும் முந்திரிக் காட்டுப் பக்கம் போயிருவாங்க. நான் எங்க போறது? வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து பள்ளிக்கூடத்துல ஒரு வாய் தண்ணி குடிச்சதில்ல. பழகிப்போச்சு."

டாக்டர் எழுந்து காலண்டரிடம் போனார். மே மாதத்துத் தாளைத் தூக்கிப் பார்த்தார். லீவு. ஜூன், ஜூலை, பள்ளிக்கூடம். ஒவ்வொரு நாள் காலையிலும் மருந்து உள்ளே போகிறது. சாயங்காலம் வரை அதைக் கழுவிவிட ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. இருக்கிறதையும் அடக்கி வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கிறார். மருந்து அங்கேயே தேங்கி நின்று பையை வேக வைத்திருக்கிறது.

"அடடடா!" என்று காலண்டரில் கையால் ஒரு அடி அடித்தார். கோபமில்லை, கண்டுபிடித்த சந்தோஷம். "சிஸ்டர், பாருங்க, பாருங்க! மே மாசம் தப்பிச்சதுக்கு மருந்து காரணமில்லீங்க, வூடுதான் காரணம்!" தன்னை அறியாமல் அவரும் "வூடு" என்றதைக் கேட்டு டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரத்தத்தைப் பார்த்த நாளிலிருந்து அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

டாக்டர் சட்டென்று திரும்பினார். "இங்க எங்கீங்க இருக்குது?"

"எது சார்?"

"பொம்பளைங்களுக்கு. இந்த வார்டுல."

பின்பக்கம் ஒன்று இருந்தது. பூட்டியிருக்கும். வெளியாட்கள் வந்து அசிங்கம் பண்ணுகிறார்கள் என்று யாரோ எப்போதோ பூட்டியது. சாவி கேட்டில் வாட்ச்மேனிடம். எந்தப் பெண் கேட்டுக்குப் போய், பீடி குடித்துக்கொண்டு நிற்கும் நாலு ஆம்பிளைகளுக்கு நடுவில், "சாவி குடுங்க" என்று கேட்பாள்? கூசிப் போகாதா? நான் இதைச் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது.

"நீங்க எப்பங்க தண்ணி குடிப்பீங்க, சிஸ்டர்?"

"ட்யூட்டி முடிஞ்சு பெரம்பலூர் போயி சார்."

அப்போதுதான் எனக்கே உறைத்தது. இத்தனை மாதமாக என்னடா காரணம், என்னடா காரணம் என்று அவரோடு சேர்ந்து நானும் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். காரணம் என் வயிற்றுக்குள்ளேயே தினமும் அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்திருக்கிறது! வெளியூர் ஆம்பிளை ஒருத்தர் ஒன்றும் தெரியாமல் கேட்க வேண்டியிருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

டாக்டர் விறுவிறு என்று கேட்டுக்குப் போனார். வாட்ச்மேனை "நீங்க" என்று சொல்லாமல் அவர் பேசியதை அன்றைக்குத்தான் கேட்டேன். சாவியோடு வந்து, தானே கதவைத் திறந்து பார்த்தார். உள்ளே வாளி இல்லை, தண்ணீர் இல்லை, உடைந்த நாற்காலிகள் அடுக்கியிருந்தன. ட்ரிப் முடிந்ததும் பட்டுவும் நானும் சேர்ந்து அதைக் கழுவி, தொட்டி நிரப்பி முடிக்க மூன்று மணியாகிவிட்டது. ட்ரிப் அறைச் சுவரில் ஓர் ஆணி அடித்து, சாவியை அதில் மாட்டினார். "இதை இனி யாரும் எடுத்துட்டுப் போகக் கூடாதுங்க" என்றார். அப்புறம் ஜன்னலில் இருந்த மோரை எடுத்து டீச்சர் கையில் கொடுத்தார். டீச்சர் முழுசாகக் குடித்தார்.

சாயங்காலம் மறுபடியும் காலண்டர் முன்னால் உட்கார்ந்தோம். பள்ளிக்கூடத்தில் இடமில்லாத வரைக்கும் மாத்திரை வழி கிடையாது. அப்படியானால் இரண்டாவது வழி. பை நன்றாக ஆறியதும் ஆரம்பிக்கலாம். மூன்று மருந்தும் ஒன்றாக ஏற்றி, ராத்திரி முழுக்கச் சலைன் ஓடவிட்டு, மறுநாளும் இங்கேயே வைத்துத் தண்ணீர் குடிக்கச் சொல்லலாம். மருந்து தங்காமல் ஓடிவிடும்.

"சனிக்கிழமை ஏத்தலாங்களா?" என்றார் டாக்டர்.

"ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போவலன்னா மத்தியானத்துக்குள்ள கோயில் சனம் அத்தனையும் ஆரஞ்சுப் பழத்தோட என் வாசல்ல நிக்கும் சார். என்ன ஏதுன்னு தோண்டிருவாங்க."

"வெள்ளிக்கிழமைங்க?"

"மூணு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டா ஹெட்மாஸ்டர் கேப்பாரே."

"முடியும் கொட்டும்" என்று நான் ஞாபகப்படுத்தினேன். சொல்லாமல் விட மனசு வரவில்லை. அந்தப் பின்னலை முன்னால் எடுத்து மடியில் போட்டுக்கொண்டு டீச்சர் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்தக் கிழமையைக் குறித்தாலும் ரகசியம் தங்காது. ஒரு மருந்தை விட்டுவிட்டால் ரகசியம் தங்கும், உயிருக்குத்தான் உத்தரவாதம் இல்லை.

வாசலில் நின்றுகொண்டிருந்த சவரிமுத்து உள்ளே வந்தார். அந்த அறைக்குள் அவர் வந்ததே கிடையாது. துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "ஊருக்குத் தெரிஞ்சா தெரியட்டும். முடி போனா போவட்டும். நீ இரு டீச்சர். அது போதும் எனக்கு" என்றார். சொல்லிவிட்டு அழுதுவிட்டார். டீச்சர் அழவில்லை. பென்சிலை டாக்டர் கையிலிருந்து வாங்கி, ஒரு வெள்ளிக்கிழமையைத் தானே வட்டமிட்டார்.

அந்த முதல் வெள்ளிக்கிழமை எனக்கு இன்னும் கையில் இருக்கிறது. பவுடர் மருந்தை உள்ளங்கையில் வைத்து உருட்டினேன், உருட்டினேன், கண்ணாடி மாதிரித் தெளிகிற வரைக்கும் உருட்டினேன். ஏற்றிய பிறகு வாந்தி பிடித்துக்கொண்டது. பாவம், குடல் வெளியே வந்துவிடும் போலிருந்தது. நடுவில் நடுவில் ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு, நான் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி, இரண்டு பேருமாகப் பின்பக்கம் போய் வந்தோம். சனிக்கிழமை டாக்டர் சிறுநீரைச் சோதனைக் குழாயில் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெறும் வைக்கோல் நிறம். "அருமைங்க!" என்றார். அப்படி ஒரு பொருளைப் பார்த்து ஒரு மனுஷன் அத்தனை சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

அடுத்த முறை வந்தபோது டீச்சர் ஊர்க் கதையைச் சொன்னார். ஹெட்மாஸ்டரிடம் போய் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டாராம். வியாதி, ரத்தம், தண்ணீர் குடிக்காதது, எல்லாமே.

"என்ன சொன்னாரு?" என்றேன்.

"இத்தன வருஷமா ஒரு வார்த்த சொல்லலியே டீச்சர்னாரு. நீங்க ஒரு வார்த்த கேக்கலியே சார்னேன்." அந்தக் கண்டிப்பு குரலில் திரும்பி வந்திருந்தது. "ரெண்டு பேரு புள்ளைய வேற ஸ்கூலுக்கு மாத்திட்டாங்க சிஸ்டர். போவட்டும். மிச்சம் இருக்கிறதுங்க ஒழுங்கா படிச்சா சரி." பின்னல் பாதியாகியிருந்தது. ஸ்கூலுக்குப் பின்னால் தென்னங்கீற்றில் ஒரு மறைப்புக் கட்டியிருக்கிறார்கள் என்றும் சொன்னார். கட்டியது சவரிமுத்து.

மிச்சச் சுற்றுகள் அத்தனையும் முடித்தார். பிறகு டாக்டருக்கும் மாற்றல் வந்தது, எனக்கும் வந்தது. நான் எந்த ஊருக்குப் போனாலும் ட்ரிப் போடும் முன் சாவி எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். சின்ன நர்ஸுகள் முதுகுக்குப் பின்னால் என்னைச் 'சாவி சிஸ்டர்' என்று சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

நான் ரிட்டையர் ஆன சமயம், என் சின்ன மகளைப் பெண் பார்க்கத் தஞ்சாவூரிலிருந்து வந்திருந்தார்கள். கூடம் நிறைய ஆட்கள். மாப்பிள்ளையின் அம்மா பட்டுப் புடவையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முன்னால் வைத்த காபி ஆறிப் போய் ஏடு கட்டியிருந்தது, தண்ணீரையும் தொடவில்லை. சம்பந்தம் பிடிக்கவில்லையோ என்று எனக்குக் கவலை.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஒரு பை முந்திரிப் பருப்போடு லூர்து மேரி டீச்சர் இறங்கினார். தலை முழுக்க நரை, ஆனால் அடர்த்தியான நரை. கூடத்தில் இருந்த அத்தனை பேரையும் வகுப்பைப் பார்க்கிற மாதிரி ஒரு சுற்றுப் பார்த்தார்.

"என்ன சிஸ்டர், விசேஷமா? இருக்கட்டும். மொதல்ல ஒரு சொம்பு தண்ணி கொண்டாங்க. பெரிய சொம்பா."

அண்ணாந்து கடகடவென்று கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற குரலில் கேட்டார்.

"பாத்ரூம் எங்க இருக்கு?"

மாப்பிள்ளையின் அப்பா விட்டத்தைப் பார்த்தார். என் மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. நான் பின்பக்கம் கையைக் காட்டினேன்.

டீச்சர் இரண்டு எட்டு எடுத்து வைத்திருப்பார். மாப்பிள்ளையின் அம்மா பட்டுப் புடவையைக் கையில் பிடித்துக்கொண்டு அவசரமாக எழுந்தார்.

"இருங்க, நானும் வரேன்."

திரும்பி வந்து உட்கார்ந்ததும், தன் முன்னால் இருந்த தண்ணீரை எடுத்து முழுசாகக் குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் கெடைக்குமா?" என்று என்னைக் கேட்டார்.